கடன்படாத விருந்தாளி

கேம்பர் வேனில் ஊர் சுற்றுகிறவன் யார் வீட்டுக்கும் விருந்தாளியாவதில்லை. தன் வீட்டைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, பிறருடைய முற்றத்தில் நிறுத்தி, தன் அடுப்பில் தான் சமைத்துத் தின்று, தன் கட்டிலில் தான் படுத்து, காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விடுகிறான். விடுதிக்காரனின் முகதாட்சண்யம் அவனுக்குத் தேவையில்லை. உறவினர் வீட்டில் மூன்றாம் நாள் காப்பியின் நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டியதில்லை. இந்தச் சௌகரியத்துக்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் சரிதானா என்று ஒரு குறிப்பிட்ட சாலையை முன்வைத்து விசாரித்துப் பார்க்க விரும்புகிறேன். பொதுப்படையாகவே விசாரித்து முடித்துவிடுகிற தத்துவங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு.

சாலை ஜெர்மனியின் தென்மேற்கில், பாலட்டினேட் பிரதேசத்தில் இருக்கிறது. ஹார்ட் குன்றுகளின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி, வடக்கே பொக்கன்ஹைமிலிருந்து தெற்கே பிரெஞ்சு எல்லையிலுள்ள ஷ்வைகன் வரை, ஏறக்குறைய 85 கிலோமீட்டர். ‘ஜெர்மன் ஒயின் சாலை’ என்று பெயர். அந்நாட்டில் நெடுநாளாக வேலை பார்க்கும் நண்பன் ஒருவனோடு, ஒரு அக்டோபர் மாதத்தில், வாடகை வேனில் அதை ஐந்து நாட்களில் கடந்தேன். இரண்டு மணி நேரத்தில் முடிந்துபோகிற தூரத்துக்கு ஐந்து நாட்கள் என்றால் அது போக்குவரத்து அல்ல என்பது தெளிவு.

இன்பத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்பத்தைச் சந்தேகத்தோடு மட்டுமே அணுகத் தெரிந்த எழுத்து நம்மிடையே நிறைய இருக்கிறது; அதில் இன்னொன்றைச் சேர்க்கும் உத்தேசம் இல்லை. கிழக்கே ரைன் நதியை நோக்கிச் சரிந்து விரிந்த கொடிகள் மஞ்சளாகவும் துருச் சிவப்பாகவும் மாறிக்கொண்டிருந்தன. குன்றுகள் மேற்கத்திய மழையைத் தடுத்துவிடுவதால் அங்கே அத்தியும் பாதாமும்கூடக் காய்க்கின்றன. பழம் ஏற்றிய டிராக்டர்கள் சாறு சொட்டிக்கொண்டு தெருவில் போகும். ஒவ்வொரு வீட்டின் நிலவறையிலிருந்தும் புளிப்பேறும் வாசனை வந்து தெருவில் நிற்கும். அந்த மாதங்களில் ‘புது ஒயின்’ விற்பார்கள் — முழுக்கப் புளிக்காதது, கலங்கல் வெள்ளை, இனிப்பும் காரமும் சேர்ந்தது, புட்டியை இறுக மூடினால் வெடித்துவிடும். காலையில் இறக்கிய கள்ளை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. விழாப் பந்தல்களில் அரை லிட்டர் பிடிக்கும், விரல் வழுக்காமலிருக்கக் குழிகள் இட்ட கண்ணாடிக் குவளை ஒன்றை மேசையில் இருப்பவர்கள் கைமாற்றிக் குடிக்கிறார்கள். முன்பின் தெரியாத எனக்கும் நீட்டினார்கள். எச்சில் பார்த்து வளர்ந்த சமூகத்திலிருந்து போன எனக்கு, அந்த ஒரு கணத்தில், ஒரு தேவாலயத்தை விட அந்தக் குவளை பெரிதாகத் தெரிந்தது.

வார இதழ்ப் பயணக் கட்டுரை இந்த இடத்தில் முடிந்துவிடும். கூடவே விலைப்பட்டியலும் ஒரு புகைப்படமும் இருக்கும்.

வேனை நிறுத்துவதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒயின் செய்யும் குடும்பங்கள் தங்கள் முற்றத்திலோ கொடிகளின் ஓரத்திலோ ஓரிரு வண்டிகளுக்கு இடம் விடுகின்றன. சில இடங்களில் சிறு கட்டணம். சில இடங்களில் கட்டணமே இல்லை, நாலு புட்டி வாங்கினால் மரியாதை. வாங்காவிட்டாலும் யாரும் கேட்பதில்லை. இந்தக் கேட்காமையில்தான் சங்கடம் இருக்கிறது. விலை சொல்லியிருந்தால் கொடுத்துவிட்டுத் தலைநிமிர்ந்து போகலாம். சொல்லாத விலை ராத்திரி பூராவும் கூரைமேல் பெய்கிறது. பொதுத் தெருவோரத்தில் தூங்குவதற்கு அந்நாட்டில் வேறொரு நியாயம் இருக்கிறது: ஓட்டுகிறவன் களைப்பு நீங்க ஓர் இரவு வண்டியில் உறங்கலாம், ஆனால் நாற்காலியை எடுத்து வெளியே போட்டு உட்கார்ந்தால் அது முகாமடிப்பதாகிவிடும், அனுமதியில்லை. ஒரு நாற்காலி தரையைத் தொட்டதும் கடந்துபோகிறவன் தங்குகிறவனாக மாறிவிடுகிறான் என்பது சட்டத்தின் பார்வை. சட்டங்களில் இவ்வளவு நுட்பம் எப்போதாவதுதான் தென்படும்.

இனி சாலையின் சரித்திரம்.

இந்தச் சாலையை யாரும் போடவில்லை. ஏற்கெனவே இருந்த கிராமத்துச் சாலைகளைத் தொடுத்து, ஒரு பெயரும் திராட்சைக்குலை வரைந்த பலகைகளும் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கொடுத்த தேதி 1935 அக்டோபர் 19. திறந்துவைத்தவர் அப்பிரதேசத்தின் நாஜிக் கட்சித் தலைவர் ஜோசஃப் ப்யூர்க்கல். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பர்க் சட்டங்கள் அதற்கு ஐந்து வாரங்கள் முன்னால், செப்டம்பர் 15-ல், வந்திருந்தன. இரண்டும் அடுத்தடுத்து வந்தது வெறும் நாட்காட்டி விஷயம் என்று தள்ளிவிட முடியவில்லை. 1934-லும் 1935-லும் அபரிமிதமான விளைச்சல், விலை சரிந்தது, நிலவறைகளில் சரக்குத் தேங்கியது. பாலட்டினேட்டின் ஒயினை வாங்கி வெளியே கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்தவர்களில் யூத வியாபாரிகளுக்குப் பெரும் பங்கு இருந்தது. 1933-க்குப் பிறகு அவர்களைப் படிப்படியாகத் தொழிலிலிருந்து விரட்டினார்கள். விற்கத் தெரிந்தவனைத் துரத்திய பிறகு சரக்கை என்ன செய்வது? குடிக்கிறவனையே கிராமத்துக்கு வரவழைப்பது. காரில் வந்து, நிலவறை வாசலில் இறங்கி, ருசித்து, வாங்கிப் போகட்டும். பெரிய நகரங்களை ஒயின் கிராமங்களுக்குப் புரவலராக்கி, அக்கிராமத்துச் சரக்கைக் குடிக்கச் செய்யும் ஏற்பாடும் அதே ஆண்டில் நடந்தது. 1936-ல் ஷ்வைகனில் பிரெஞ்சு எல்லையைப் பார்க்க மணற்கல்லில் ஒரு பிரம்மாண்டமான வாயில் எழுப்பினார்கள். அதே வருஷம் நோய்ஷ்டாட் நகரத்தின் பெயரோடு ‘ஒயின் சாலை மேல்’ என்ற ஒட்டு சேர்ந்தது. போர் முடிந்ததும் உதிர்ந்தது. 1950-ல் திரும்ப ஒட்டிக்கொண்டது. வாயிலும் நிற்கிறது, வேன்கள் அதன்முன் படம் பிடித்துக்கொள்கின்றன.

வழியில் பாட் டுர்க்ஹைமில் ஒரு பீப்பாய் இருக்கிறது. 1934-ல் செய்தது. 17 லட்சம் லிட்டர் கொள்ளும். ஒரு துளி ஒயினும் அதில் ஊற்றப்பட்டதில்லை. உள்ளே சாப்பாட்டு விடுதி நடக்கிறது. சாலை ஷ்வைகனில் முடிகிறது என்றேன். அந்த எழுத்துக்கள் ஜெர்மன் மொழியில் ‘மௌனம்’ என்றும் பொருள்படும், ஊர்ப் பெயரின் மூலம் என்னவாக இருந்தாலும் சரி. இம்மாதிரித் தற்செயல்களை ஒரு கவிஞன் தன் கவிதையில் உபயோகித்தால் நான் முகம் சுளிப்பேன். யதார்த்தத்துக்கு அத்தனை ரசனை போதாது.

நண்பன் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னான்: “கறை படாத சாலை எது? போர்தோவில் ஆற்றங்கரை மாளிகைகள் நிற்கின்றனவே, அவற்றில் 18-ம் நூற்றாண்டு அடிமை வியாபாரத்தின் பணம் கலந்திருக்கிறது. அந்த ஊர் ஒயினைக் குடிக்காமல் இருக்கப்போகிறாயா? உன் கணக்கில் பார்த்தால் மனுஷன் எழுந்து நிற்கவே இடம் கிடையாது.” அவன் சொன்னதில் நியாயம் உண்டு. தோற்றத்தின் பாவம் வஸ்துவில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது என்பது ஒருவகை மந்திரவாத நம்பிக்கை. தீட்டு என்ற கருத்தின் நாகரிகமான வடிவம். நம் சமூகத்தில் தீட்டு செய்திருக்கிற வேலையைப் பார்த்தவன் அதைத் தர்மவிசாரத்தின் கருவியாக எடுத்துக்கொள்ளக் கூசுவான். கொடி குற்றவாளி அல்ல. சாறு குற்றவாளி அல்ல. அந்தச் சரிவுகளில் ரோமானியர் காலத்திலேயே திராட்சை பிழிந்திருக்கிறார்கள். உங்ஸ்டைனில் அவர்களுடைய பிழிதொட்டியைத் தோண்டி எடுத்துவைத்திருக்கிறார்கள்.

இருந்தாலும் நண்பனுடைய வாதத்தில் ஒரு நழுவல் இருக்கிறது. மாளிகை எவர் பணத்தில் எழும்பியிருந்தாலும் மழைக்கு ஒதுங்க உதவும்; அது கட்டப்பட்ட விதம் வேறு, இன்றைய உபயோகம் வேறு. ஒயின் சாலையின் விஷயம் அப்படியல்ல. அது வெறும் பெயர். ஓர் உபயோகத்தைத் தவிர அதில் வேறு வஸ்து கிடையாது. நடுவில் நின்றிருந்த ஒரு மனிதன் அப்புறப்படுத்தப்பட்டான்; அவன் நின்ற இடத்தின் வழியாகக் குடிக்கிறவன் நேரே முற்றத்துக்குள் வந்து இறங்குகிறான்; நடுவில் எவரும் இருந்ததே இல்லை என்பதுபோல. “செய்தவன் கையிலிருந்தே நேராக” என்று பூரித்துச் சொல்கிறோமே, அந்தப் பூரிப்பு அன்று தயாரிக்கப்பட்டது. வருஷங்கள் போகப்போகச் சாலையின் மேல் மறதி வந்து படிந்தது என்பது தவறான விவரணை. மறதியைச் சௌகரியமாக்குவதுதான் சாலைக்கு முதல் நாளே இட்ட வேலை. ஆகவே ‘எனக்கென்ன, நான் குடிக்க வந்தேன்’ என்கிற பயணி நடுநிலையில் நிற்பதாக எனக்குப் படவில்லை. அவன் சாலையை, அது எதற்காகப் பெயரிடப்பட்டதோ அதற்காகவே, கச்சிதமாக உபயோகிக்கிறான்.

மண்ணின் பெருமை பற்றியும் ஒரு வார்த்தை. ‘இரத்தமும் மண்ணும்’ என்று கோஷமிட்டவர்கள் அந்த வாயிலைக் கட்டினார்கள். இன்று அந்தக் கோஷம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முற்றத்திலும் மண்ணைப் பற்றித்தான் பேசுகிறார்கள் — ஃபோர்ஸ்ட்டில் கருங்கல், தெற்கே சுண்ணாம்பு, இந்த வரப்புக்கு இந்த ருசி, அடுத்த வரப்புக்கு வேறு. பெரும்பாலும் உண்மையும்கூட, நாக்கே சொல்லிவிடுகிறது. ஆனால் கொடியைத் தோண்டிப் பார்த்தால் வேர் அமெரிக்காவினுடையது. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்து ஐரோப்பியக் கொடிகளின் வேரைத் தின்றழித்த ஃபைலாக்ஸெரா என்ற பூச்சிக்கு மருந்து கிடைக்கவில்லை. அந்தப் பூச்சியைத் தாங்கிப் பழகிய அமெரிக்க வேரின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் தப்பித்தார்கள். நம் ஒட்டுமாங்கன்று மாதிரி. ரீஸ்லிங் என்ற பெயரில் தழைத்து நிற்கிற புராதனம் ஓர் அகதியின் வேரில் நிற்கிறது. அந்நியனை வேரோடு களைந்துவிட்டு மண்ணைச் சுத்தம் செய்ய முனைந்தவர்களின் காலடி பட்ட இடத்தில், கொடி பாட்டுக்கு இன்று அந்நிய வேரில் காய்த்துக்கொண்டிருக்கிறது.

1940 அக்டோபர் 22. பாடன், பாலட்டினேட், ஸார் பிரதேசங்களில் எஞ்சியிருந்த யூதர்களில் 6,500-க்கும் மேற்பட்டவர்களை ஒரே வீச்சில் ரயிலேற்றி, பிரான்ஸின் தென்மேற்கில் பிரெனீஸ் மலையடிவாரத்திலுள்ள குர்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். ஏற்பாடு செய்த இருவரில் ஒருவர் சாலையைத் திறந்துவைத்த அதே ப்யூர்க்கல். பாலட்டினேட்டிலிருந்து மட்டும் 800-க்கும் மேற்பட்டவர்கள். மூட்டை கட்ட அதிகபட்சம் இரண்டு மணி நேரம், சிலருக்கு அதுவும் இல்லை. தலைக்கு 50 கிலோ சாமான், 100 மார்க் பணம். குளிரிலும் பசியிலும் நோயிலும் பலர் முகாமிலேயே செத்தார்கள். 1942 ஆகஸ்டிலிருந்து மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரை அவுஷ்விட்ஸுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த அக்டோபர் வாரம் யூதர்களுக்கு சுக்கோத் பண்டிகை. அறுவடை முடிந்து, திராட்சை பிழிந்து, வீட்டை விட்டு வெளியே தழைகளால் தாற்காலிகக் குடிசை வேய்ந்து, ஏழு நாள் அதில் உண்டு வாழ்கிற பண்டிகை. எகிப்திலிருந்து வெளியேறிப் பாலைவனத்தில் அலைந்த முன்னோரின் நினைவாக. நிலைத்த வீடு கிடைத்த பிறகும், வீடற்றிருந்ததை வருஷத்துக்கொருமுறை உடம்பால் ஞாபகப்படுத்திக்கொள்வது. என் வேனும் அறுவடை முடிகிற அக்டோபரில் அதே குன்றடியில் நின்ற ஒரு தாற்காலிகக் குடிசைதான். அதன் மொத்த எடை 3,500 கிலோ வரை போகலாம் என்று பதிவுப் புத்தகத்தில் இருந்தது. வாங்கிய புட்டிகளை அதற்குள் அடக்க நண்பன் தினமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்கு மேல் அவற்றைக்கொண்டு எதையும் செய்ய எனக்கு விருப்பமில்லை.

தாற்காலிகமாக வந்து தங்குகிறவர்கள் வேன்காரர்கள் மட்டுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். செங்குத்தான சரிவுகளில் கையால் பறிக்கிறவர்கள் பெரும்பாலும் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் பருவத்துக்கு வருகிறவர்கள். விடிகாலையில் தலைக்கு விளக்குக் கட்டிக்கொண்டு வரிசைக்குள் போனார்கள். முற்றத்தில் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். அவர்களை யாரும் சுதந்திரப் பறவைகள் என்று வர்ணிப்பதில்லை.

இந்தச் சாலையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஹைடல்பெர்க்கில், 1945–46 குளிர்காலத்தில், காரல் யாஸ்பர்ஸ் தன் நாட்டவரின் குற்றத்தைப் பற்றி உரைகள் நிகழ்த்தினார், 1946-ல் புத்தகமாயிற்று. மனைவி யூதர் என்பதால் 1937-ல் பதவி பறிக்கப்பட்டிருந்தவர் அவர். குற்றத்தை நான்காகப் பிரித்தார். சட்டத்தை மீறியவனின் குற்றம். அந்த அரசின் பிரஜை என்ற முறையில் ஏற்க வேண்டிய அரசியல் குற்றம். மனசாட்சி மட்டுமே விசாரிக்கக்கூடிய தார்மீகக் குற்றம். பிறன் கொல்லப்பட்டபோது நான் உயிரோடு இருந்தேன் என்பதால் மட்டுமே வருகிற, எந்த நீதிமன்றமும் எட்டாத நான்காவது. பிரிவினை தெளிவானது, நேர்மையானது. ஆனால் அதில் எந்த அறையிலும் நான் இல்லை. நான் அந்நாட்டுப் பிரஜை அல்ல. செய்தவனின் பேரனும் அல்ல. பட்டவனின் பேரனும் அல்ல. அப்போது பிறக்கவும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்து ருசிக்கிறவன். இன்று உலகம் முழுக்க நிரம்பிக்கொண்டிருப்பது என் ஜாதிதான். குற்றமில்லாதவனுக்குப் பொறுப்பு உண்டா என்பதை யாஸ்பர்ஸ் எனக்காகக் கேட்டுவைக்கவில்லை.

குற்றவுணர்வைப் பாவனை செய்துகொள்வது சுலபமான வழி. அதன் ஆபத்தை அந்த ஐந்து நாட்களிலேயே கண்டேன். நோய்ஷ்டாட்டின் நடைபாதையில் பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் தொடங்கிய காரியம், இன்று ஐரோப்பா முழுக்க இருக்கிறது. கொண்டுபோகப்பட்டவர் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் முன்னால், அவர் பெயர், பிறந்த வருஷம், கொண்டுபோன தேதி. குனிந்தால்தான் படிக்க முடியும். குனிந்து படித்துவிட்டு, எதிரிலிருந்த கடையில் உட்கார்ந்து ஒரு கோப்பை ரீஸ்லிங் வாங்கினேன். அது முந்தின நாளைவிட ஆழமாக இருந்தது. கல், புகை, நீண்டு நிற்கிற கசப்பு. துயரத்தை அறிந்த நாக்கு அதையும் ஒரு சுவைக்குறிப்பாக மாற்றிக்கொண்டுவிட்டது! ரசிகனின் பசிக்கு எல்லையே இல்லை. மறதியைத் தின்பான், தின்று அலுத்தால் ஞாபகத்தையும் தின்பான். நம் இலக்கிய உலகத்திலும் பிறர் துயரத்தை இப்படி வாயில் சுழற்றிப் பார்த்துத் துப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மரியாதையும் இருக்கிறது.

அப்படியானால் அறிவதாலும் பயனில்லை, அறியாமலிருப்பதாலும் குற்றமா? இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் வித்தியாசம் அறிவின் அளவில் இல்லை, அறிகிற இடத்தில் இருக்கிறது. புத்தகத்திலிருந்தும் கல்லிலிருந்தும் நான் திரட்டிக்கொள்வது என் வேனுக்குள் அடங்கிவிடுகிறது. என் அலமாரி, என் விளக்கு, என் வேதனை. அது எவருக்கும் எந்த அசௌகரியத்தையும் கொடுப்பதில்லை, எனக்கும்தான். ஒருவரிடம் கேட்டால் மட்டுமே அது வெளியே வருகிறது. கேட்பதற்கு நாற்காலி தரையைத் தொட வேண்டும்.

கேட்க ஒரே கேள்விதான் வைத்திருந்தேன், நண்பன்தான் மொழிபெயர்க்க வேண்டும், அவனுக்கு அதில் இஷ்டமே இல்லை: “சாலை வருவதற்கு முன்னால் உங்கள் ஒயினை யார் வாங்கிப் போனார்கள்?” குற்றம் சாட்டாத கேள்வி, தொழில் விஷயமான கேள்வி. ஒரு முற்றத்தில் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி நீளமாகச் சொன்னார்கள். இன்னொரு முற்றத்தில் இளைஞன் ஒருவன், தெரியவில்லையே, அப்பாவைக் கேட்கிறேன் என்றான். உண்மையாகவே தெரியாதவனின் முகம். மூன்றாவதில் ரசீதை நீட்டினார்கள்.

தெற்கே, எல்லைக்குச் சமீபத்தில், நான்காவது முற்றம். எழுபது வயதைத் தாண்டிய அம்மாள். இலவசமாக இடம் விட்டிருந்தவர். கேள்வியைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, “உள்ளே வாருங்கள்” என்றார். ஐந்து நாளில் நான் நுழைந்த முதல் வீடு அது. சமையலறை மேசையில் வெங்காய அடையும் புது ஒயினும் வைத்தார். தன் பாட்டனாருக்கு இரண்டு வியாபாரிகள் வாடிக்கையாக இருந்தார்களாம். ஒருவர் ஒவ்வொரு நவம்பரிலும் வந்து இந்தச் சமையலறையில்தான் உட்கார்ந்து பேரம் பேசுவாராம்; பேரம் முடிந்தபின் ஒரே குவளையில் இருவரும் குடிப்பார்களாம். பிறகு? “பிறகு போய்விட்டார்கள் என்று பாட்டனார் சொல்வார்.” அந்த வினைச்சொல்லை நண்பனிடம் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். காலையில் முற்றத்தைக் காலி செய்கிற எங்களைப் பற்றிச் சொல்லவும் அந்த அம்மாள் அதையேதான் உபயோகிப்பார்.

பெயர் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். கணக்குப் புத்தகத்தில் இருக்கும் என்று எழுந்து மாடிக்குப் போனார். மேலே பெட்டிகள் நகரும் சத்தம் கேட்டது. நண்பன் கடிகாரத்தைப் பார்த்தான். வாயிலின் அருகே வெளிச்சம் இருக்கும்போதே படம் எடுக்க வேண்டும் என்பது அவன் திட்டம். அந்த அம்மாள் முழங்காலில் தூசியோடு இறங்கி வந்து, அகப்படவில்லை, தம்பி வீட்டில் இருக்கலாம், நாளைக்குக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். நீங்கள் நாளைக்கு இருப்பீர்களா என்று கேட்டார். வேனை மறுநாள் மதியம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நண்பன் பதில் சொல்ல ஆரம்பித்தான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, இருப்போம் என்று சொல்லச் சொன்னேன்.